முற்றத்தில் காவோலை

கோட்டிலிருந்து நீதிமன்றக் கட்டளை கொண்டு வந்தவர் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு உள்ளே நுழைந்தபோது, பஞ்சலிங்கம் ஒரு மணப்பெண்ணின் கன்னத்திலிருந்த அம்மைத் தழும்பை அழித்துக்கொண்டிருந்தான். நெகட்டிவைக் கண்ணாடிச் சட்டத்தில் பொருத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் வரவைத்து, கூராகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டுச் செய்கிற வேலை அது. மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டும். வந்தவர் இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தான்.

"பஞ்சலிங்கம் எண்டது நீங்கள்தானே. உதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ."

கையெழுத்து வைத்துவிட்டுக் கடுதாசியை வாங்கிப் படித்தான். வழக்காளி தேவராசா சார்பில், 1968ஆம் ஆண்டு தன்னால் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்றைப் பற்றிச் சாட்சி சொல்ல அடுத்த மாதம் ஏழாம் திகதி காலை ஒன்பது மணிக்குக் கோட்டுக்கு வர வேண்டும் என்று இருந்தது. தேவராசா என்ற பெயரைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. பின்கட்டில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த மனைவி மகாதேவியிடம் போய்க் கடுதாசியை நீட்டினான்.

"கோட்டிலை என்ரை படத்தைப் பற்றிக் கேக்கப் போகினமாம்."

"என்னத்துக்கு?"

"ஆரோ படத்தைக் களவா அச்சடிச்சிருப்பாங்கள். உவர் தேவராசா நல்ல மனிசன். வழக்குப் போட்டிருக்கிறார்."

மகாதேவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கடுதாசியைப் பார்த்தாள். திருப்பித் தந்துவிட்டாள். கோட்டுக் கடுதாசி எதுவாக இருந்தாலும் அவளுக்குப் பிடிக்காது.

கொக்குவில் ஸ்டேசனுக்குப் போகிற ஒழுங்கையில் பஞ்சலிங்கம் ஸ்ரூடியோ வைத்துப் பதினாறு வருடமாகியிருந்தது. கலியாணம், சாமத்தியச் சடங்கு, பாஸ்போட்டுப் படம், செத்த வீட்டில் சவப்பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரரை நிறுத்தி எடுக்கிற படம் என்று வேலைக்குக் குறைவில்லை. அவற்றையெல்லாம் சோற்றுக்காகச் செய்தான். அவனுடைய மனம் இருந்தது தென்மேற்கில். யாழ்ப்பாணப் பட்டினத்தைத் தாண்டி, பண்ணைக் கடலின் மேல் போகிற தாம்போதியையும் தாண்டி, சோளகக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம். வேலணை, புங்குடுதீவு, அதற்கும் அப்பால் லோஞ்சு ஏறிப் போகிற நெடுந்தீவு. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாவிட்டால் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு விடிய முதல் பஸ்ஸில் ஏறிவிடுவான். அங்கே வெளிச்சம் வேறு மாதிரி விழும் என்பான். மரம் குறைவு, கடல் நாலு பக்கமும், கல் வெள்ளை. பின்னேரம் நாலு மணிக்கு மேல் கடலிலிருந்து எடுத்த பவள முருகைக்கல்லால் கட்டிய ஒரு வேலி தன்பாட்டில் வெளிச்சம் விடுவதுபோல் நிற்கும்.

அவன் எடுத்தவையெல்லாம் பழையவை, ஆரும் திரும்பிப் பாராதவை. ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின் தூண்கள், தூர்ந்துபோன கிணறு, கரையில் கவிழ்ந்து கிடந்து பலகைகள் உக்கிப்போன வள்ளம், எழுத்து அழிந்த கல்லறை, பூட்டு மட்டும் மிஞ்சியிருந்த ஒரு கதவு. மனிதர் இருக்கிற படத்தில் மனிதரைத்தான் பார்ப்பார்கள், இடம் செத்துப்போய்விடும் என்பது அவனுடைய கொள்கை. அதனால் அவனுடைய ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் ஒன்றிலும் ஆள் இல்லை. மகாதேவி ஒருதரம் அவற்றையெல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் செத்துப்போன பிறகு எடுத்த மாதிரிக் கிடக்கு" என்றாள். அதை அவன் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

அவற்றில் ஒன்றுக்குத்தான் கொழும்பில் நடந்த புகைப்படக் கண்காட்சியில் முதற் பரிசு கிடைத்தது. நெடுந்தீவின் மேற்குக் கரையில் ஒரு முருகைக்கல் வீடு. நாலு தூண், பாதி இடிந்த மதில், கூரையில் ஒரு பக்கம் ஓடு சரிந்திருந்தது. முற்றம் நிறையக் காய்ந்து விழுந்த பனங்காவோலை. பின்னால் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. 'ஆளில்லாத வீடு' என்று பெயர் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றில் கால் பக்கத்துக்கு அந்தப் படம் வந்தது. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஸ்ரூடியோச் சுவரில் மாட்டினான். ஊரார் வந்து பார்த்து, "உந்த இடிஞ்ச வீட்டுக்கோ பரிசு தந்தவங்கள்" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒருவர் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முந்தி, தென்பகுதியில் கடை வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்த மனிதர், மினுங்கும் சப்பாத்தும் தங்க மணிக்கூடுமாகப் படத்துக்கு முன்னால் கனநேரம் நின்றார். தமக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார். காட்சிப் படத்துக்கு விலை கேட்ட முதல் ஆள் அவர்தான். பஞ்சலிங்கம் ராப்பகலாக இருந்து அச்சுப்போட்டுக் கொடுத்தான்.

"பின்னாலை உங்கடை கையாலை பேர் எழுதித் தாருங்கோ" என்றார் அவர். "படத்தின்ரை பேர், இடம், எடுத்த திகதி எல்லாம். கையெழுத்தும் வையுங்கோ. அப்பதான் மதிப்பு."

அவன் தன்னிடமிருந்த நல்ல பேனையால் எழுதிக் கொடுத்தான். அவர்தான் தேவராசா.

ஏழாம் திகதி வெள்ளைச் சேட்டும் கரை வேட்டியும் கட்டிக்கொண்டு கோட்டுக்குப் போனான். வெளியில் வேப்பமரத்தடியில் தேவராசா நின்றார். அவனைக் கண்டு கிட்ட வந்து கைகொடுத்தார். ஆனால் கதைக்க நேரம் இருக்கவில்லை. உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் நின்றபோது அவனுக்கு உள்ளூர ஒரு பெருமிதம் இருந்தது. தேவராசாவின் வழக்கறிஞர், பிறக்கிராசி இராசநாயகம், கறுப்புக் கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழும்பினார். கையில் அந்தப் படம்.

"இது நீங்கள் எடுத்த படமோ?"

"ஓம்."

"பின்னாலை இருக்கிறது உங்கடை எழுத்தோ?"

"ஓம்."

"வாசியுங்கோ."

அவன் வாசித்தான். "ஆளில்லாத வீடு. நெடுந்தீவு மேற்கு. 1968 வைகாசி 19."

"இந்த வீட்டிலை ஆரும் சீவிக்கிற அடையாளம் ஏதேனும் இந்தப் படத்திலை இருக்கோ? நல்லாப் பாத்துச் சொல்லுங்கோ."

படத்தில் ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தான். அப்போதுதான் படத்துக்கு அப்பால், எதிர்ப்பக்க வாங்கில் உட்கார்ந்திருந்த பெண் அவன் கண்ணில் பட்டாள். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை. கையில் ஒரு பனையோலைப் பை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக அல்ல. தெரிந்த ஆளைத் தூர இடத்தில் கண்டால் பார்ப்பதுபோல, இவன் எப்போது தன்னைத் தெரிந்துகொள்வான் என்று காத்துக்கொண்டிருப்பதுபோல.

"இல்லை" என்றான். அவனுடைய குரல் அவனுக்கே வேறு ஆருடையதோபோல் கேட்டது.

"முற்றத்திலை காவோலை கிடக்கு. முழங்கால் அளவுக்குக் கிடக்கு. ஒரு முற்றத்தைக் கூட்டாமல் விட்டால் இவ்வளவு காவோலை சேர எவ்வளவு காலம் செல்லும்? ஒரு மாசமோ, ஒரு வருசமோ?"

பஞ்சலிங்கம் படத்திலிருந்த முற்றத்தைப் பார்த்தான். அந்தக் காவோலையைப் போட்டது அவன்.

படம் எடுத்த அன்றைக்கு அவன் பனங்கூடலைக் கடந்து அந்த வீட்டடிக்குப் போனபோது முற்றம் துப்புரவாகக் கூட்டிக் கிடந்தது. விளக்குமாற்றின் கீற்று வரிவரியாக மணலில் தெரிந்தது. தூணில் ஒரு ஆடும் குட்டியும் கட்டியிருந்தன. கொடியில் சேலை காய்ந்தது. வாசலில் தண்ணீர்க் குடம். அடுப்படியிலிருந்து இதே பெண் வெளியே வந்தாள். படம் எடுக்க வந்தேன் என்றான். எடுங்கோ தம்பி என்றாள். இதெல்லாம் படத்துக்கு இடைஞ்சலாகக் கிடக்கிறது என்றதும் அவளே சேலையை எடுத்தாள், குடத்தைத் தூக்கினாள், ஆட்டைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கட்டினாள், அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். முற்றம்தான் சரியாக அமையவில்லை. விளக்குமாற்றுக் கீற்று படத்தில் விழும். கொஞ்சம் காவோலை போட்டால் நல்லது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் சிரித்தாள். "கூட்டின முற்றத்திலை குப்பை போடச் சொல்லுற ஆளை இண்டைக்குத்தான் கண்டனான்" என்று சொல்லிக்கொண்டே பின்வளவிலிருந்து அவளும் இரண்டு தரம் அள்ளிக்கொண்டு வந்து போட்டாள். படம் எடுத்து முடியத் திரும்ப அடுப்பை மூட்டித் தேத்தண்ணியும் பனங்கட்டியும் தந்தாள். என்னையும் ஒரு படம் எடுத்துத் தருவியளோ என்று கேட்டாள். பிலிம் முடிந்துபோச்சு, அடுத்தமுறை வரும்போது எடுத்துத் தருகிறேன் என்றான். ஒரு படத்துக்குப் பிலிம் இருந்தது. அதை அவன் கரையில் மேய்கிற குதிரைக்கு வைத்திருந்தான். அவளுடைய பெயரைக் கேட்கவில்லை.

"சாட்சி மறுமொழி சொல்ல வேணும்" என்றார் நீதிபதி.

"கனகாலம்" என்றான் பஞ்சலிங்கம். "கனகாலம் செல்லும்."

இராசநாயகம் உட்கார்ந்தார். அந்தப் பெண்ணின் பிறக்கிராசி சண்முகநாதன் மெல்ல எழும்பினார். தொய்வுக்காரர். இரண்டு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்கும். அவர் கேட்டது ஒரேயொரு கேள்விதான்.

"நீங்கள் போன அண்டைக்கு அந்த வீட்டிலை ஆரும் இருந்தவையோ?"

கோட்டில் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். சுவரில் தொங்குகிற பரிசு, பத்திரிகையில் வந்த கால் பக்கம், கொழும்பிலிருந்து வந்த கடிதத்தில் தட்டச்சில் அடித்திருந்த 'இயல்பு மாறாத உண்மை' என்ற பாராட்டு, எல்லாம் ஒரு கணத்தில் அவனுக்குள் வந்து போயின. ஓம் என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தான்.

"எனக்கு ஞாபகமில்லை" என்றான்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்குக் கேட்டது. சண்முகநாதன் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் அவனைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவன் இறங்கலாம் என்றார்கள்.

வெளியே வந்தபோதுதான் வழக்கு என்ன என்று கோட்டுச் சேவகர் ஒருவர் சொல்லித் தெரிந்தது. வீடு தேவராசாவின் தகப்பனுடையது, அவர் உறுதியைத் தேவராசாவின் பெயருக்கே எழுதிவைத்திருந்தார். தமையன் ஏரம்பு அதில் இருந்து செத்துப்போனான். அவனுடைய மனைவி சிவக்கொழுந்து பன்னிரண்டு வருடமாகத் தனியே அதில் இருக்கிறாள். பிள்ளைகள் இல்லை, அவளுடைய பெயரில் காணி உறுதியும் இல்லை. பத்து வருடம் இடைவிடாமல் இருந்ததை நிறுவினால் சட்டப்படி வீடு அவளுக்கு. இடையில் வீடு ஆளில்லாமல் கிடந்தது என்று காட்டினால் தேவராசாவுக்கு. அரிசிக் கூப்பன் புத்தகமும் வாக்காளர் இடாப்பும் அவளுடைய அக்கா வீட்டு விலாசத்தில் இருந்தன. அப்போது ஊர் அதிகாரியாக இருந்த விதானையார் காலமாகிவிட்டார். அவளுக்குச் சாட்சி சொன்ன இரண்டு பேரும் அவளுடைய சொந்தக்காரர்.

தேவராசா எட்டத்தில் நின்று அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நல்லாய்ச் செய்தாய் என்பதுபோல. பஞ்சலிங்கம் திரும்பிப் பாராமல் நடந்தான். கேற்றடிக்கு வந்தபோது சிவக்கொழுந்து அங்கே பையோடு நின்றாள். விலகிப் போக வழியில்லை.

"தம்பி, என்னைத் தெரியேல்லையோ?"

அவன் அவளுடைய பனையோலைப் பையைப் பார்த்தான்.

"நான்தான் உங்களுக்குத் தேத்தண்ணி தந்தனான். பனங்கட்டி நல்லாக் கிடக்கு எண்டு சொல்லி ரெண்டாவதும் கேட்டு வாங்கினனீங்கள்." அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே தொடர்ந்தாள். "மறந்துபோனியளாக்கும். கன வீடு எடுப்பியள், எத்தினையெண்டு ஞாபகம் வைக்கிறது. அதுக்கு நான் உங்களைக் குறை சொல்லேல்லை."

அவள் உண்மையாகவே அப்படி நம்பினாள் என்பதுதான் அவனை அடித்தது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். லோஞ்சுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு அவள் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள். வெயிலில் செருப்பில்லாத கால் தாரில் படாமல் கரையோரமாக நடந்துபோனாள்.

வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. நேரே இருட்டறைக்குப் போய் 1968ஆம் ஆண்டுப் பெட்டியை எடுத்தான். அந்த நாளின் நெகட்டிவ் பன்னிரண்டும் கண்ணாடிக் கடுதாசி உறைக்குள் பத்திரமாக இருந்தன. பன்னிரண்டையும் ஒரே தாளில் அச்சுப்போட்டு, தாள் காய்வதற்கு முதலே பெருக்குக் கண்ணாடியை வைத்துப் பார்க்கத் தொடங்கினான். ஒரு குடம். ஒரு சேலை நுனி. ஒரு ஆட்டுக் குட்டியின் வால். அடுப்புப் புகை ஒரு கீற்று. ஏதாவது ஒன்று தப்பியிருக்கும் என்று நம்பினான். ஒவ்வொரு சதுரமாக, மூலை மூலையாகப் பார்த்தான். ஒன்றும் தப்பியிருக்கவில்லை. முதல் படம் எடுப்பதற்கு முதலே எல்லாவற்றையும் எடுப்பித்துவிட்டான். அவ்வளவு கவனமாக வேலை செய்திருந்தான். பதினொரு சதுரத்தில் அந்த வீடு எவரும் ஒருகாலமும் இருந்திராததுபோல் நின்றது. பன்னிரண்டாவதில் குதிரை தலையைக் குனிந்து மேய்ந்தது.

மகாதேவி வாசல் திரையை விலக்கிக்கொண்டு நின்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்லத் தான் கண்ட எதையோ வேறு ஆரோ செய்ததாகச் சொல்வதுபோல் இருந்தது. அவள் கடைசிவரை குறுக்கே கதைக்காமல் கேட்டாள்.

"காவோலையை அவவும் அள்ளிக்கொண்டு வந்து போட்டவவோ?"

"ஓம்."

"தன்ரை முற்றத்திலை."

"ஓம்."

மகாதேவி ஈரத்தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நாளைக்கே அந்தப் பிறக்கிராசியாரிட்டைப் போங்கோ" என்றாள். "போகாட்டில் நான் போவன்."

சண்முகநாதன் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி அவன் சொன்னதைக் கேட்டார். கேட்டு முடிந்ததும் கோபத்தில் அவருக்கு இழுப்பு வந்துவிட்டது.

"நேற்றைக்குச் சொல்லியிருந்தால் வழக்கு நேற்றையோடை முடிஞ்சிருக்கும் ஐசே. இண்டைக்குச் சொன்னால், நான் உம்மை விலைக்கு வாங்கினனான் எண்டுதான் மற்றப் பக்கம் சொல்லும்."

"என்ன சொன்னாலும் சொல்லட்டும். நான் வந்து சொல்லுறன்."

"பொய்ச்சத்தியம் எண்டு உம்மை உள்ளுக்குப் போட்டால்?"

"போடட்டும்."

அவனைத் திரும்பச் சாட்சிக்குக் கூப்பிடக் கேட்டு அவர் விண்ணப்பம் போட்டார். நீதிபதி இரண்டு மாதம் கழித்துத் தவணை வைத்தார். அந்த இரண்டு மாதமும் பஞ்சலிங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்தான். சுவரில் தொங்கிய படத்தைக் கழற்றி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி அலுமாரிக்குப் பின்னால் வைத்தான். படம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

தவணையன்று கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடி சொன்னான். குடம், சேலை, ஆடு, குட்டி, அடுப்பு, தேத்தண்ணி. பிலிம் முடிந்ததென்று சொன்ன பொய்யையும் சொன்னான். இராசநாயகம் ஆறுதலாக எழும்பினார்.

"அப்ப இந்தப் படம் பொய்."

"ஓம்."

"பின்னாலை நீங்கள் கைப்பட எழுதினது?"

"பொய்."

"போன தவணை சத்தியம் பண்ணிச் சொன்னது?"

"அதுவும் பொய்."

"பரிசு தந்தவைக்கு இதைச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"மூண்டு பொய் சொன்ன ஆள் நாலாவதாச் சொல்லுறதை மட்டும் கோடு உண்மையெண்டு எடுக்க வேணும். அப்பிடித்தானே? உங்கடை கையிலை ஒரு துண்டு ஆதாரம் இருக்கோ? ஒரு நெகட்டிவ்?"

"இல்லை."

"ஏன் இல்லை?"

பஞ்சலிங்கம் நீதிபதியைப் பார்த்தான். "காவோலையை நான்தான் போட்டனான் ஐயா" என்றான். பின்வரிசை வாங்கில் ஆரோ சிரித்தார்கள். சிவக்கொழுந்து சிரிக்கவில்லை. அவள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் மறக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த முகத்தை அவன் அதுவரை ஒரு படத்திலும் கண்டதில்லை, எடுத்ததுமில்லை. வலி வந்த முகம் அல்ல அது. படியில்லாத இடத்தில் படி என்று கால் வைத்தவளின் முகம்.

தீர்ப்பு ஆவணி மாதம் வந்தது. சண்முகநாதன் ஆளனுப்பிக் கூப்பிட்டு, தட்டச்சில் அடித்த தாளில் ஒரு இடத்தை விரலால் காட்டினார். இங்கிலீஷில் இருந்ததை அவரே தமிழில் சொன்னார். "படம் எடுத்தவரின் சொல்லில் இந்த மன்று நம்பிக்கை வைக்க முடியாது. ஆனால் படத்துக்கு வேண்டியவருமில்லை, வேண்டாதவருமில்லை. அது கண்டதைக் காட்டுகிறது." அவர் தாளை மடித்தார். "உம்மை நம்பேல்லை. உம்மடை படத்தை நம்பிப்போட்டார்."

பொய்ச்சத்தியத்துக்கு அவன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. அதுகூட அவனைத் திடுக்கிட வைத்தது. தண்டனை ஏதாவது வரும் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். ஒன்றும் வரவில்லை. ஒரு கலியாணமும் ஒரு சாமத்தியச் சடங்கும்தான் வந்தன. போய்ப் படம் எடுத்தான்.

மேன்முறையீடு செய்யச் சிவக்கொழுந்து விரும்பவில்லை என்று கேள்விப்பட்டான். புரட்டாதி முதல் கிழமை, மகாதேவியிடம் சொல்லிவிட்டு நெடுந்தீவுக்கு லோஞ்சு ஏறினான். மகாதேவி அவன் கையில் அரைப் போத்தல் நல்லெண்ணெயும் ஒரு பை வெங்காயமும் கொடுத்துவிட்டாள். அங்கே போய் என்ன கதைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. கடல் அன்றைக்குக் கொந்தளிப்பாக இருந்தது. லோஞ்சில் இருந்தவர்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார்கள். அவன் நனைந்தபடி நின்றான்.

பனங்கூடலைக் கடந்து கரைக்கு வந்தவன் வழி மாறிவிட்டதென்று நினைத்தான். வீட்டைக் காணவில்லை. கூரை இல்லை, ஓடுகள் ஒருபக்கம் அடுக்கியிருந்தன. தூண் நாலும் விழுத்தப்பட்டு, துண்டு துண்டாக மணலில் கிடந்தன. சுவர்கள் அத்திவாரம் வரைக்கும் பெயர்க்கப்பட்டிருந்தன. இரண்டு மாட்டுவண்டிலில் நாலைந்து பேர் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உடம்பெல்லாம் வெள்ளைத் தூள். கண்ணிமையும் வெள்ளை.

"என்ன அண்ணை இது?" என்று ஒருவரைக் கேட்டான்.

அவர் பெயர் கனிசியஸ். கல்லை வண்டிலில் வைத்துவிட்டு முதுகை நிமிர்த்தினார். "சூளைக்குப் போகுது. பழைய முருகைக்கல், நல்லா வேகும். முழுத்தீவுக்கும் ஒரு வருசத்துக்குச் சுண்ணாம்பு காணும்."

"வீட்டுக்காரர்?"

"தேவராசாவோ? அவர் வரேல்லை. கல்லைச் சூளைக்காரனுக்கு விலை பேசிவிட்டிட்டார். மரமும் பேசியாச்சு. பேந்து வெறுங்காணியா விக்கப் போறாராம்."

பஞ்சலிங்கம் பக்கத்தில் கிடந்த தூண் துண்டில் உட்கார்ந்தான். முந்நூறு வருடம் சோளகத்திலும் வாடையிலும் நின்ற கல். கை வைத்த இடத்தில் பூச்சு உதிர்ந்து உள்ளே முருகையின் சின்னச் சின்னக் கண்கள் தெரிந்தன. தேவராசாவுக்கு இந்த வீட்டில் ஒருநாள் படுக்கிற எண்ணமாவது இருந்திருக்கும் என்று அவன் எப்படியோ நினைத்திருந்தான். வண்டில் ஒன்று புறப்பட்டது. சில்லுகள் மணலில் புதைந்து ஆழமாக இரண்டு கோடு விழுந்தது.

சிவக்கொழுந்து கிழக்குப் பக்க ஒழுங்கையால் வந்தாள். அக்காவின் வளவு அங்கேதான் இருந்தது. கையில் செம்பும் வாளியும். அவனைக் கண்டு நின்றாள். அவன் எழும்பினான்.

"அக்கா..." என்றான். எண்ணெய்ப் போத்தலையும் வெங்காயப் பையையும் நீட்டினான். அவள் அவற்றை வாங்கிக் கல்லுக்கு மேலே வைத்தாள்.

"கடல் கடுமையாக்கும். நனைஞ்சுபோனியள்."

"நான் அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்."

"ஓம்" என்றாள் அவள். மறுத்து ஆறுதல் சொல்லவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை. அவள் கல் ஏற்றுகிறவர்களைப் பார்த்தாள்.

"உங்கடை படத்தை நான் கோட்டிலைதான் முதல் பாத்தது" என்றாள். "பேப்பரிலை வந்தது இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. பிறக்கிராசியார் தூக்கிப் பிடிக்கேக்கை, ஆரின்ரை வீடோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். வடிவாத்தான் கிடந்தது. என்ரை வீடு எண்டு எனக்கே பிடிபடேல்லை."

அவனுடைய காலடியில் வெள்ளைத் தூள் செருப்பை மூடியிருந்தது.

"கல் ஏத்திறவங்கள் தண்ணி கேட்டவங்கள்" என்றாள். "கிணறு பின்பக்கம். அதை இன்னும் தூர்க்கேல்லை."

வீடு நின்ற இடத்தில் வாசல்நிலை மட்டும் தனியே நின்றது. முதிரை மரம். சேதமாகாமல் கழற்ற வேண்டும் என்று கடைசியாக விட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் சுவர் இல்லை. நிலைக்குள்ளால் கிணற்றடியும், அதற்கப்பால் பனைகளும், கடலும் தெரிந்தன. வேலை செய்கிறவர்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு சுவர் இருந்த இடத்தால் இங்குமங்கும் நடந்தார்கள். சிவக்கொழுந்து வாளியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு நேரே நிலையடிக்குப் போனாள். படியில் ஏறினாள். மேல்நிலை தலையில் முட்டாதபடி குனிந்து உள்ளே போனாள். கல்லோடு வந்துகொண்டிருந்த கனிசியஸ் அவளுக்கு வழிவிட்டு, கல்லை நெஞ்சோடு அணைத்தபடி ஒருபக்கமாக ஒதுங்கி நின்றார்.